அட்டைப் பிள்ளை குடித்த தண்ணீர்

அத்தியாயம் 9

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பேச்சு வச்சிருக்காக," என்றான் மருது.

முத்தழகு இரண்டாவது தோசையைப் பிட்டுக்கொண்டிருந்தாள். "சரிண்ணே," என்றாள்.

இன்னும் கொஞ்சம் சட்னி போடவா என்று கேட்டிருந்தாலும் இதே சரிதான் வந்திருக்கும். மருது மின்வாரியத்தில் லைன்மேன். எவ்வளவு உயரக் கம்பமானாலும் பயமில்லாமல் ஏறுகிற ஆள், தங்கச்சி முகத்தை நிமிர்ந்து பார்க்க மட்டும் பயப்படுவான். இப்போதும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துத்தான் பேசினான்.

"ஒரே ஒரு கேள்விதான் கேப்பாகளாம். பிள்ளைக்குத் தண்ணி குடுத்தியா, இல்லையான்னு. உன் புருஷன் குடுத்தேன்னு சொன்னா அப்பவே தீத்து விட்டுருவாக. இல்லைன்னு சொன்னாத்தான் இழுபறி. அவன் எங்க இல்லைங்கப் போறான்? உன்கிட்டயே ஒத்துக்கிட்டவன்தானே."

"அந்தப் பிள்ளை சாப்புடட்டும், விடுங்க," என்றாள் மதினி அன்னக்கிளி அடுப்படியிலிருந்து. "இந்நேரம் பாத்துத்தான் இதை எடுக்கணுமா?"

"எந்நேரம் எடுத்தாலும் இதைத்தான் சொல்ற."

தொடர்ந்து படித்து வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

போன ஆடியில் முத்தழகின் மகன் வீரையா, இரண்டு வயதுப் பிள்ளை, வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கிடந்து மூன்றாம் நாள் போய்விட்டான். வயிற்றால் போகிற பிள்ளைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது, காட்டினால் இன்னும் பிய்த்துக்கொண்டு போகும் என்பது கண்டரமாணிக்கத்தில் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டு வழக்கம். அந்த வீடு என்ன, அந்தச் சீமை முழுக்க அதுதான் வழக்கம். மாமியார் சோணையம்மாள் சொன்னாள், பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். முத்தழகும் அப்படியே நடந்துகொண்டாள். பிள்ளை தண்ணி, தண்ணி என்று கேட்டான். அவன் கண்ணில் படாதபடி தம்ளரையும் பானையையும் மறைத்து வைத்தது அவள்தான்.

பிள்ளை அடங்கிய காலையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தம்ளர் ஈரமாகக் கிடந்தது. தண்ணீர் கொடுத்தது யார் என்று கேட்டாள். "நான்தான் குடுத்தேன்," என்றான் அவள் புருஷன் உடையப்பன்.

அதற்குப் பிறகு அவனோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு காரைக்குடிக்கு, செக்காலையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். உடையப்பன் ஒன்றும் வேற்றாள் இல்லை, சொந்த அத்தை மகன். இரண்டு வீட்டாரும் பத்து மாதமாக மாறி மாறிப் பேசிப் பார்த்துக் களைத்துப்போய், பெரியவர்கள் முன்னால் புருஷன் பெண்டாட்டி உறவைத் தீர்த்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அதுதான் அந்த வெள்ளிக்கிழமை. இன்று புதன்.

முத்தழகுக்கு வருத்தமாக இல்லை. கோபம்கூட இல்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட தாடை மாதிரி இந்தப் பத்து மாதமும் அவள் மரத்துக் கிடந்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள், பால்வாடிக்குப் போய் மற்றவர்கள் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். அழவில்லை என்று ஊர் பேசியது. அழுகை வந்தால் அழமாட்டாளா என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினாள்.

சாக்கோட்டை யூனியன் ஆபீசிலிருந்து போன வாரம் அவளுக்கு ஓர் ஆர்டர் வந்திருந்தது. குழந்தைகள் ஆண்டு என்று எழுபத்தொன்பதாம் வருஷத்தை அறிவித்தாலும் அறிவித்தார்கள், ஆளாளுக்கு ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. பட்டணத்திலிருந்து ஒருவர் வந்து பத்து நாள் பட்டறை நடத்துவார், படம் வரையத் தெரிந்த, காகிதம் வெட்டத் தெரிந்த உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து இரண்டு நிமிஷத்துக்கு ஒரு கார்ட்டூன் படம் எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. பால்வாடி டீச்சர்களில் கத்தரிக்கோல் நன்றாகப் பிடிக்கிறவள் என்று முத்தழகு பெயரை யாரோ எழுதிவிட்டார்கள். படம் எதைப் பற்றி என்று ஆர்டரில் இல்லை. இருந்திருந்தாலும் அவள் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

கோடை விடுமுறையில் பூட்டிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான அறைதான் பட்டறை. வெளிச்சம் உள்ளே வராதபடி ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. நடுவில் மேஜை, மேஜைக்கு நேர் மேலே குப்புறப் பார்த்த மாதிரி கட்டித் தொங்கவிட்ட காமிரா, இரண்டு பக்கமும் ஆளைப் பொசுக்குகிற விளக்குகள். சித்திரை மாதத்தில் அந்த அறைக்குள் இருப்பதற்கு நெல் அவிக்கிற இடத்தில் இருக்கலாம்.

பட்டணத்துக்காரர் பெயர் ஞானசம்பந்தம். குரல் உயர்த்தாத மனிதர். மேஜையில் கிடக்கும் அட்டைப் பொம்மையை நூலிழை நகர்த்தி இரண்டு தடவை காமிராவைத் தட்ட வேண்டும், மறுபடி நூலிழை நகர்த்தி மறுபடி இரண்டு தடவை தட்ட வேண்டும். இப்படிப் பன்னிரண்டு அசைவு சேர்ந்தால் திரையில் ஒரு விநாடி ஓடும். ஒவ்வொரு தடவையும் அவர் "கை!" என்பார். நகர்த்துகிறவர்கள் விரலை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்த பிறகுதான் தட்டுவார்.

ஆறு நாளில் எழுபது விநாடி தேறியிருந்தது. இந்த வேகத்தில் சினிமா எடுத்தால் கதாநாயகன் கல்யாணக் காட்சிக்குள் தாத்தாவாகிவிடுவார்.

கதை சின்னக் கதைதான். ஒரு வீடு, ஓர் அம்மா, வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கும் ஒரு பிள்ளை. ஊரார் ஒவ்வொருவராக வந்து தண்ணீர் காட்டாதே என்று விரலை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். கடைசியில் ஒரு நர்ஸம்மா வந்து, ஒரு பிடி சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்ட தண்ணீரைக் கொடுக்கச் சொல்கிறாள். பிள்ளை குடிக்கிறது, எழுந்து உட்காருகிறது.

முதல் நாளே சின்னக்கண்ணு என்ற நிஜ நர்ஸம்மா வந்து இதையெல்லாம் விளக்கினாள். "வயித்தால போறது பிள்ளை உடம்புல உள்ள தண்ணிதான். போன தண்ணியத் திரும்ப ஊத்தணும். ஊத்தலைன்னா பிள்ளை வத்திப் போயிரும். அப்பிடித்தான் சாவுதுக." முத்தழகு அதைக் கேட்டாள், நோட்டில் குண்டு குண்டாக எழுதிக்கொண்டாள். ஆனால் அது உள்ளே இறங்கவில்லை. அவளுக்கு நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை. அவளைக் கேட்டால் அதையேதான் சொல்லியிருப்பாள், பொய்யாக அல்ல.

பொம்மைகளை வரைந்தவர் தண்டாயுதபாணி, கடைகளுக்குப் போர்டு எழுதுகிற ஓவியர். "பிள்ளைக்கு அரைஞாண் கயிறு போடவாத்தா?" என்று இரண்டாம் நாள் அவளைக் கேட்டார். "போடுங்க," என்றாள். அவர் வரைந்ததை அவள் வெட்டினாள். தோளிலும் முழங்காலிலும் பொத்தான் நூலால் முடிச்சுப் போட்டு அசையும்படி செய்தாள். மூடிய வாய், பாதி திறந்த வாய், முழுக்கத் திறந்த வாய் என்று மூன்று வாய்களைத் தனித்தனியாக நகம் அளவுக்கு வெட்டி ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தாள்.

இன்று எடுக்க வேண்டியது பிள்ளை தண்ணீர் குடிக்கும் காட்சி. ஐந்து விநாடி, அறுபது அசைவு.

எடுப்பதற்கு முன்னால் ஒரு சண்டை. ஞானசம்பந்தம் வரைந்து வைத்திருந்த தாளில் தம்ளர் பிள்ளையின் உதட்டில் பொருந்தியிருந்தது.

"சார், இது சரிப்படாது," என்றார் தண்டாயுதபாணி. "எங்க பக்கம் யாரு வாய் வச்சுக் குடிப்பா? அண்ணாந்து ஊத்திக்கணும். எச்சி பண்ணிக் குடிக்கிற வீட்டுல நடக்கிற கதைன்னு நெனச்சுப்புடுவாக."

"அண்ணாந்தால் தலை வேற வெட்டணுமே. அதுக்கு ஒரு நாள் ஆகுமே."

"ஆனா ஆவட்டும் சார். மானம் போகுதுல்ல."

அசைவுகளை எண்ணிக் கணக்கு எழுதுகிற விஞ்ஞான வாத்தியார் அழகுசுந்தரம் இரண்டு பக்கமும் தலையாட்டினார். அவர் சுபாவமே அப்படி.

"ரெண்டு வயசுப் பிள்ளைக்கு அண்ணாந்து குடிக்கத் தெரியாது," என்றாள் முத்தழகு. "வாய் வச்சுத்தான் குடிக்கும். மேல வேற சிந்திக்கிரும்."

ஆறு நாளில் அந்த அறையில் அவள் சேர்ந்தாற்போல் இத்தனை வார்த்தை பேசியது அதுதான் முதல் தடவை. தண்டாயுதபாணி அவளைப் பார்த்தார், அப்புறம் அட்டைப் பிள்ளையைப் பார்த்தார், தள்ளி நின்றுகொண்டார்.

விளக்குகள் எரிந்தன. முத்தழகு மேஜைமேல் குனிந்தாள். தம்ளர் வலது ஓரத்திலிருந்து புறப்பட்டது.

"கை!"

விரலை எடுத்தாள். டிக், டிக்.

"ஒண்ணு," என்றார் அழகுசுந்தரம்.

பத்தாவது அசைவில் தம்ளர் பாதி தூரம் வந்துவிட்டது. பதினைந்தில் பிள்ளையின் தலையை ஒரு நூல் திருப்பினாள். இருபதில் மூடிய வாயை எடுத்துவிட்டுப் பாதி திறந்த வாயை வைத்தாள். இருபத்தைந்தில் முழுக்கத் திறந்த வாய். வேர்வை புருவத்தில் இறங்கியது, அட்டையில் சொட்டிவிடக் கூடாது என்று தோளில் துடைத்துக்கொண்டாள்.

முப்பதாவது அசைவில் தம்ளர் உதட்டைத் தொட்டது.

இனி அதைச் சாய்க்க வேண்டும். முத்தழகு சாய்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தண்ணீர் கேட்டு வாய் திறந்த பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பது என்றால் இவ்வளவுதான். ஒரு கை நீள வேண்டும், ஒரு தம்ளர் சாய வேண்டும். அவள் கை மூன்று நாளும் நீளவில்லை. கொன்றது அவள்தான். தண்ணீர் கொடுத்தவனை அல்லவா கொன்றவன் என்று சொல்லி இத்தனை நாளும் பேசாமல் இருந்தாள்!

"கை," என்றார் ஞானசம்பந்தம்.

கூடவே இன்னொன்றும் உறைத்தது. பிள்ளை வெறும் வாயோடு போகவில்லை. உடையப்பன் கொடுத்திருக்கிறான். அவள் தூங்கின நேரத்தில், அவளுக்குத் தெரியாமல், கொடுத்திருக்கிறான். பிள்ளை குடித்திருக்கிறான்.

"அம்மா, கை."

பத்து மாதத்தில் முதன்முறையாக அவளுக்கு நெஞ்சுக்குள் வலித்தது. வலி நன்றாக இருந்தது. அட்டைப் பிள்ளையின் கன்னத்தில் இருந்த விரலை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"கை!"

டிக், டிக். பழக்க தோஷத்தில் ஞானசம்பந்தம் தட்டிவிட்டார். அவள் கை படத்துக்குள் விழுந்துவிட்டது.

திருப்பி எடுக்க பிலிம் கிடையாது. பட்டணத்திலிருந்து அளந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"பரவாயில்லை," என்றார் அவர். "மத்த அம்பத்தொன்பது சரியா இருந்தாப் போதும். கண்ணு சிமிட்டறதுக்குள்ள போயிடும். நீங்க அடுத்ததை வையுங்க."

அவள் அடுத்ததை வைத்தாள். அறுபது வரைக்கும் ஒன்றைக்கூடத் தப்பவிடாமல் வைத்தாள். பிள்ளை தம்ளரைக் காலி செய்தது.

விளக்கை அணைத்ததும் வெளி வராந்தாவுக்குப் போனாள். காட்சி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்திருந்த சின்னக்கண்ணு அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"நர்ஸம்மா, ஒண்ணு கேக்கவா? பிள்ளை ரொம்ப முடியாமக் கெடக்கறப்ப, கடைசியில, வெறும் தண்ணி ஒரு வாய் குடுத்தா அதனால செத்திருக்குமா?"

சின்னக்கண்ணு டீ தம்ளரைக் கீழே வைத்தாள். இந்த மாதிரிக் கேள்வியை அவளிடம் இதற்கு முன்னாலும் கேட்டிருப்பார்கள் போல. யாருடைய பிள்ளை என்று கேட்கவில்லை.

"குடுத்ததுனால எந்தப் பிள்ளையும் சாகாதும்மா. பத்தாமத்தான் சாகும்."

முத்தழகு ஞானசம்பந்தத்திடம் அரை நாள் லீவு கேட்டாள். அண்ணனுக்கும் சொல்லவில்லை, மதினிக்கும் சொல்லவில்லை. கண்டரமாணிக்கத்துக்குப் போகிற இரண்டு மணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

பஸ்ஸில் அவள் அழுதாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவன் குடிச்சிருக்கான், குடிச்சிருக்கான் என்று வழி முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். அந்த நினைப்பில் அவளுக்குச் சுகமாக இருந்தது.

உடையப்பன் வீட்டில் இல்லை. கதவு சாத்தியிருந்தது. சோணையம்மாள் மகள் வீட்டுக்குப் போயிருப்பதாகவும் உடையப்பன் கண்மாயில் வண்டல் அள்ளுவதாகவும் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். சொன்னவர்கள் வேலையை விட்டுவிட்டு அவள் போகிற திக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கோடையில் கண்மாய் வற்றினால் அந்த மண்ணை அள்ளி வயலுக்குப் போடுவார்கள். வற்றி வெடித்துப் போன தரையில் அவன் வண்டி மட்டும் நின்றது. உடையப்பன் மண்வெட்டியால் வெட்டிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் மண்வெட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றான். இளைத்திருந்தான்.

"வா," என்றான்.

"மச்சான்."

பத்து மாதம் கழித்து அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. அவன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான்.

"மச்சான், நீங்க அன்னைக்குத் தண்ணி குடுத்தீகல்ல, அது தப்பில்லையாம். குடுக்கத்தான் செய்யணுமாம். நர்ஸம்மா சொன்னாக. நாங்கதான் மறைச்சு வச்சு மறைச்சு வச்சு... நீங்க ஒருத்தராவது குடுத்தீக. நான் உங்களைத்தான் பேசாமக் கொன்னேன். தப்பு என் மேலதான்."

அந்த இடத்தில் உடையப்பன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவன் பெண்டாட்டி அன்றைக்கே வீட்டுக்கு வந்திருப்பாள். அந்தச் சாமர்த்தியம் அவனுக்குப் பிறவியிலேயே கிடையாது.

"நான் குடுக்கலை, முத்தழகு."

அவளுக்குப் புரியவில்லை. "நீங்கதானே குடுத்தேன்னு சொன்னீக?"

"சொன்னேன். குடுக்கலை." மண்வெட்டிப் பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ அசந்து கண்ணை மூடியிருந்த. அவன் கேட்டான். பொறுக்க மாட்டாமத் தம்ளர்ல தண்ணி மோந்துக்கிட்டு வந்து குனிஞ்சேன். வாயைத் தொறந்தான். அந்நேரம் பாத்து அங்குட்டு ஆத்தா இருமுச்சு. ஊரே குடுக்காதங்குது, நாம குடுத்து ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா என்ன பண்றதுன்னு ஒரு பயம். கை வரலை. தரையில ஊத்திட்டேன்."

"பெறகு ஏன் அப்பிடிச் சொன்னீக?"

"விடிஞ்சு நீ கேட்டப்ப, இல்லைன்னு சொல்ல முடியலை. கேட்டுக்கிட்டே கெடந்த பிள்ளையை ஒரு வாய்கூடக் குடுக்காம அனுப்பிட்டோம்னு எப்பிடிச் சொல்றது? ஒரு வாயாவது குடிச்சான்னு இருக்கட்டுமேன்னு தோணுச்சு. நீ பேசாம எந்திரிச்சுப் போயிட்ட. அதுக்கப்புறம் மாத்திச் சொன்னா தப்பிக்கப் பொய் சொல்றான்னுதானே நெனப்ப?"

முத்தழகு வெடித்த மண்ணில் உட்கார்ந்தாள். ஒரு பஸ் பயண நேரம் மட்டும் அவள் பிள்ளை தண்ணீர் குடித்திருந்தான். இப்போது மறுபடி குடிக்கவில்லை. மரத்துப்போன பழைய உணர்ச்சி காலிலிருந்து ஏறி வருவதை அவள் உணர்ந்தாள். அது வந்துவிட்டால் இந்தத் தடவை போகாது என்று பயமாக இருந்தது.

உடையப்பன் அவள் எதிரில் குந்தினான். தொடவில்லை.

"மச்சான்," என்றாள். "குடுத்தேன்னு இன்னொரு தரம் சொல்லுங்க."

"என்னத்துக்கு?"

"சொல்லுங்க. எனக்கு வேணும்."

அவன் இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் நகர்ந்து குந்தினான்.

"குடுத்தேன்," என்றான்.

"குடிச்சானா?"

"குடிச்சான்."

"எம்புட்டு?"

"ரெண்டு மடக்கு. மேல கொஞ்சம் சிந்திக்கிட்டான்."

அப்போதுதான் முத்தழகு அழுதாள். மண்ணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பத்து மாதத்துக்கும் சேர்த்து அழுதாள். அவனும் தடுக்கவில்லை. வண்டிமாடு இரண்டும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றன.

வெயில் கொஞ்சம் இறங்கிய பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை கேப்பாகளாம்."

"தெரியும். ஆள் வந்து சொல்லிட்டுப் போனாக."

"அங்கயும் இதையே சொல்லுங்க, மச்சான். அத்தனை பேரு முன்னாடி இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீகன்னா, அப்புறம் அவன் குடிக்கவே இல்லைன்னு ஆயிரும். என்னால அதைத் தாங்க முடியாது. குடுத்தேன்னே சொல்லுங்க."

உடையப்பன் எழுந்து மண்வெட்டியை எடுத்து வண்டியில் போட்டான்.

"சொல்றேன்," என்றான். "சொன்னா நம்மளத் தீத்து விட்டுருவாக, முத்தழகு."